கடலூர் வரை வந்த அமெரிக்கப் போர்

அமெரிக்க விடுதலைப் போரின் புகைப்படம் என்று ஒன்றுகூட உலகில் கிடையாது. 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டன் ஊர்த்திடலில் முதல் துப்பாக்கி வெடித்தபோது கேமரா பிறக்க இன்னும் இரண்டு தலைமுறை பாக்கி இருந்தது. பனிக்கட்டி மிதக்கும் டெலவேர் ஆற்றை ஜார்ஜ் வாஷிங்டன் படகில் நின்றபடி கடக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை நம்மில் பலர் எங்காவது பார்த்திருப்போம். அதை வரைந்த இமானுவேல் லாய்ட்சே, போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவர். ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் இருந்துகொண்டு 1851-ல் அதை வரைந்து முடித்தார்.

கண்ணால் கண்ட படம் இல்லாத ஒரு போரைப் பன்னிரண்டு மணி நேரம் திரையில் காட்ட முடியுமா? இந்தச் சவாலை எடுத்துக்கொண்டது கென் பர்ன்ஸ், சாரா பாட்ஸ்டீன், டேவிட் ஷ்மிட் ஆகிய மூன்று இயக்குநர்களின் ‘தி அமெரிக்கன் ரெவல்யூஷன்’ ஆவணத் தொடர். 2025 நவம்பர் 16 தொடங்கி ஆறு இரவுகள் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பி.பி.எஸ்.ஸில் ஒளிபரப்பானது. எழுத்து ஜெஃப்ரி வார்ட். பின்னணிக் குரல் பீட்டர் கயோட்டி. அடித்தளம் போட்டது 2015-ன் இறுதியில் என்கிறார் பர்ன்ஸ். ஏறத்தாழ பத்து ஆண்டு உழைப்பு. 1776 ஜூலை 4-ல் வெளியான சுதந்திரப் பிரகடனத்தின் 250-ம் ஆண்டு வாசலில் அது மக்களிடம் வந்து சேர்ந்தது.

பர்ன்ஸை உலகம் அறிந்துகொண்டது 1990-ல், அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய தொடரால். அசையாத பழைய புகைப்படத்தின் மீது கேமராவை மெல்ல நகர்த்தி, ஒரு வீரனின் கண்ணில் கொண்டுபோய் நிறுத்துவார். அந்த உத்திக்குக் கணினி மென்பொருள்களில் அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இந்தப் போரில் அந்த ஆயுதம் அவருக்குக் கிடைக்கவில்லை. பதிலுக்கு அவரது குழு வரைபடங்களையும் நீர்வண்ண ஓவியங்களையும் கையெழுத்துக் கடிதங்களையும் நம்பியது. பழைய போர்களை அந்தக் கால உடையணிந்து நடித்துப் பார்ப்பதையே வாழ்நாள் ஈடுபாடாகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் நிறையப் பேர் உண்டு. அவர்களைக் கோடையிலும் கொட்டும் பனியிலும் படம்பிடித்தார்கள். முகங்களைத் தவிர்த்துவிட்டார்கள். சேற்றில் புதையும் காலணிகள், தோட்டா திணிக்கும் விரல்கள், புகைக்குள் மறையும் முதுகுகள், இவைதான் திரையில் வருகின்றன.

இந்த முடிவு மிகச் சரியானது என்பது என் கருத்து. தமிழர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். 1959-ல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்துக்குப் பிறகு கட்டபொம்மன் என்றால் நம் மனதில் எழுவது சிவாஜி கணேசனின் முகம். அந்த மாபெரும் நடிப்பின் வெற்றி அது. ஆனால் வரலாற்று மனிதன் அந்த முகத்துக்குப் பின்னால் போய்விட்டான். திரைப்படத்துக்கு அது தகும், ஆவணத்துக்குத் தகாது. முகம் காட்டாததால், பர்ன்ஸின் தொடரில் நாம் அந்த மனிதர்களின் சொற்களைக் கேட்கிறோம். வாஷிங்டனின் எழுத்துக்கு ஜோஷ் பிரோலின், ஜான் ஆடம்ஸுக்குப் பால் ஜியாமட்டி, அபிகெயில் ஆடம்ஸுக்குக் கிளேர் டேன்ஸ், தாமஸ் பெயினுக்கு மேத்யூ ரீஸ் எனத் தேர்ந்த நடிகர்கள் குரல் மட்டும் தந்திருக்கிறார்கள். ஒரு குறையும் உண்டு. நான்காம் இரவுக்குள் அதே புகையும் அதே காலணியும் பழகிப்போகின்றன. போர்க்கள விவரங்களைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

பதினைந்து வயதுப் படைவீரர்கள்

தொடரின் உயிர் சிறியவர்களிடம்தான் இருக்கிறது. ஜோசப் பிளம் மார்ட்டின் 1776-ல் படையில் சேர்ந்தபோது வயது 15. போர் முடியும்வரை களத்தில் இருந்தார். பசி, குளிர், வராத சம்பளம், செருப்பில்லாத கால் என்று தான் பட்டதையெல்லாம் முதுமையில் எழுதி 1830-ல் வெளியிட்டார். விடுதலை பெற்ற நாடு அவரை வறுமையில்தான் வைத்திருந்தது. குழல் ஊதும் சிறுவனாகப் படைக்குப் போன ஜான் கிரீன்வுட் பிற்காலத்தில் பல் மருத்துவரானார். வாஷிங்டனுக்கே பல் கட்டினார். யார்க்டவுனைச் சேர்ந்த பெட்சி ஆம்ப்ளர் என்ற சிறுமி, போருக்கு அஞ்சி ஊர் ஊராக ஓடிய தன் குடும்பத்தைப் பற்றி எழுதிவைத்ததும் நமக்குக் கிடைக்கிறது.

1777-78 குளிர்காலத்தில் வாஷிங்டன் படையின் வேலி ஃபோர்ஜ் முகாமில் இருந்த சுமார் 12,000 பேரில் ஏறக்குறைய 2,000 பேர் நோயால் இறந்தார்கள். அங்கே சண்டை எதுவும் நடக்கவில்லை. அம்மை நோய் அந்த ஆண்டுகளில் வட அமெரிக்கா முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. படை முழுவதற்கும் அம்மை குத்தச் சொல்லி வாஷிங்டன் 1777-ல் இட்ட கட்டளை, அவர் வென்ற எந்தச் சண்டைக்கும் குறைந்ததல்ல. நியூயார்க் கடற்கழியில் நங்கூரமிட்டிருந்த ஆங்கிலேயர்களின் சிறைக்கப்பல்களில் மட்டும் 11,000 பேருக்கு மேல் மடிந்திருப்பார்கள் என்பது பொதுவான கணிப்பு. போர்க்களத்தில் விழுந்த அமெரிக்கர்களைவிட அது அதிகம்.

அந்தக் கப்பல்களில் மிகக் கொடியதான ‘ஜெர்சி’யில் அடைபட்டவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஃபார்ட்டன். அடிமையாக இல்லாத கறுப்பினக் குடும்பத்துச் சிறுவன். பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனம் வாசிக்கப்பட்டதை ஒன்பது வயதில் கேட்டவர். 14 வயதில் போர்க்கப்பலில் சேர்ந்து பிடிபட்டார். ஆங்கிலேயக் கேப்டன் இவரைத் தன் மகனுக்குத் துணையாக இங்கிலாந்துக்கு அனுப்ப முன்வந்தார். தன் நாட்டுக்குத் துரோகம் செய்யமாட்டேன் என்று மறுத்துவிட்டுச் சிறைக்கப்பலுக்குப் போனார். பிழைத்து வந்து, பாய்மரம் தைக்கும் தொழிலில் செல்வந்தராகி, அடிமை ஒழிப்பு இயக்கத்துக்குப் பணத்தை வாரி வழங்கினார்.

யாருடைய விடுதலை?

ஃபார்ட்டன் நம்பிய நாடு அவர் இனத்தவருக்கு என்ன செய்தது? பதின்மூன்று குடியேற்றங்களில் வாழ்ந்த சுமார் 25 லட்சம் மக்களில் 5 லட்சம் பேர் அடிமைகள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய தாமஸ் ஜெஃபர்சன் தன் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தவர். வர்ஜீனியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் பிரபு 1775 நவம்பரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்: கிளர்ச்சிக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து மன்னர் படையில் சேர்ந்தால் விடுதலை. தன் சொந்த அடிமைகளை அவர் விடுவிக்கவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள்.

அப்படி ஓடியவர்களில் ஒருவர் ஹாரி வாஷிங்டன். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுன்ட் வெர்னன் பண்ணையில் அடிமையாக இருந்தவர். அந்தக் குடும்பப் பெயரும் அங்கிருந்து வந்ததே. 1776-ல் தப்பி ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். எஜமானர் ஒரு நாட்டின் விடுதலைக்குப் படை நடத்திக்கொண்டிருந்த அதே ஆண்டில், அடிமை தன் விடுதலைக்காக எதிரிப் படைக்குப் போனார். போர் முடிந்ததும் நியூயார்க்கிலிருந்து கப்பலேறிய சுமார் 3,000 கறுப்பின மக்களோடு நோவா ஸ்கோஷியா சென்றார். 1792-ல் அங்கிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோன். அங்கே ஆங்கிலேயக் கம்பெனி நில வரி கேட்டபோது 1800-ல் கிளர்ச்சியில் சேர்ந்தார். பாஸ்டன் வணிகர்கள் வரிக்கு எதிராக எழுந்தால் அது புரட்சி. ஹாரி எழுந்தபோது கிடைத்தது நாடு கடத்தல். இந்த ஒரு வாழ்க்கையைத் தெரிந்துகொண்ட பிறகு, அமெரிக்க விடுதலைப் போரை வெறும் வீரக் கதையாகச் சொல்ல நேர்மையுள்ள எவருக்கும் நா எழாது.

மண்ணின் மைந்தர்களுக்கு இன்னும் பெரிய இழப்பு. தொடர் தன் கதையைத் தொடங்குவதே ஆறு பூர்வகுடி இனங்கள் சேர்ந்து அமைத்த ஹோடனோஷோனி கூட்டமைப்பிலிருந்துதான். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1754-ல் குடியேற்றங்களை ஒன்றிணைக்கத் திட்டம் போட்டபோது அந்தக் கூட்டமைப்பு அவர் கண் முன் இருந்தது. போர் வந்ததும் அது பிளந்தது. சில இனங்கள் மன்னர் பக்கம், ஒனைடா போன்றவர்கள் அமெரிக்கர் பக்கம். 1779-ல் வாஷிங்டன் அனுப்பிய சல்லிவன் படை நாற்பதுக்கும் மேற்பட்ட ஊர்களை எரித்தது. விளைந்து நின்ற சோளக் கொல்லைகளையும் பழத் தோட்டங்களையும்கூட வெட்டிச் சாய்த்தது. ஹோடனோஷோனி மக்கள் வாஷிங்டனுக்கு வைத்த பெயர் ‘ஊரழிப்பவர்’. 1783 செப்டம்பர் 3-ல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம் மிசிசிப்பி ஆறு வரையிலான நிலத்தை அமெரிக்காவுக்கு எழுதிக்கொடுத்தது. அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களில் ஒருவரைக்கூட அந்த மேசைக்கு அழைக்கவில்லை. அமெரிக்கர்களுக்குத் தோள்கொடுத்த ஒனைடாக்களும் பிற்பாடு தங்கள் நிலத்தைப் பறிகொடுத்தார்கள்.

இவற்றைச் சொன்னதற்காக நாட்டின் பெருமையைக் குலைப்பதாக ஒரு சாரார் குறைபட்டார்கள். போதுமான அளவு சொல்லவில்லை என்று இன்னொரு சாரார். தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2025 ஜூலையில், அமெரிக்க நாடாளுமன்றம் பொது ஒலிபரப்புக்கென ஒதுக்கியிருந்த 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுவிட்டது. பர்ன்ஸின் படங்களுக்கு நெடுங்காலம் துணைநின்ற பொது ஒலிபரப்புக் கழகமே மூடப்படும் நிலைக்கு வந்தது. பத்து ஆண்டு பொறுமையாக ஒரு வரலாற்றைத் தேட, விளம்பரத்துக்குக் கட்டுப்படாத பணம் வேண்டும். அது வற்றினால் இத்தகைய தொடர் இனி வருவது கடினம்.

அண்ணன் தம்பிச் சண்டையாகவும் இந்தப் போர் நடந்தது என்பதைத் தொடர் அழுத்தமாகச் சொல்கிறது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மகன் வில்லியம், நியூஜெர்சியின் ஆளுநர். கடைசிவரை மன்னரின் விசுவாசி. தந்தையும் மகனும் பிறகு மனம் கலந்து பேசவேயில்லை. மன்னருக்கு விசுவாசமாக இருந்ததற்காகச் சுமார் 60,000 பேர் சொந்த மண்ணை விட்டு வெளியேறினார்கள்.

வங்கப் பஞ்சமும் பாஸ்டன் தேநீரும்

அமெரிக்காவுக்குள் ஒரு விடுதலைப் போர், ஓர் உள்நாட்டுப் போர், அவற்றோடு ஓர் உலகப் போர் என்று மூன்றாகவும் இதைப் பார்க்க வேண்டும் என்பது தொடரின் நிலைப்பாடு. ஆயினும் பன்னிரண்டு மணி நேரத்தில் மிகப் பெரும்பகுதி வட அமெரிக்காவிலேயே கழிகிறது. உலகப் போர் என்ற மூன்றாவது கதையின் முக்கிய அத்தியாயங்கள் நடந்தது நம் ஊர்களில். அதை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை சீனாவில் விளைந்தது. சரக்கு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. கம்பெனி அப்போது திவாலாகும் விளிம்பில் இருந்தது. 1770 வங்கப் பஞ்சத்தில் மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கு அழிந்தது என்று வாரன் ஹேஸ்டிங்ஸ் கணித்தார். வரி கொடுக்க ஆளில்லை. படைச் செலவோ ஏறிக்கொண்டே போனது. கிடங்கில் தேங்கிய தேயிலையை அமெரிக்கர் தலையில் கட்டிக் கம்பெனியைக் காப்பாற்றத்தான் லண்டன் தேயிலைச் சட்டம் கொண்டுவந்தது. வங்கத்தில் மக்களைப் பட்டினியால் கொன்ற கம்பெனி அடுத்து நம்மிடம் வருகிறது என்று பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் புனைபெயரில் துண்டறிக்கை எழுதி எச்சரித்தார். வங்கத்து விவசாயியின் சாவு பாஸ்டன் கலகத்துக்கு ஒரு காரணம் என்பதை நம் பாடநூல்கள் இன்னும் சொல்லவில்லை.

1777 அக்டோபரில் சரடோகாவில் ஓர் ஆங்கிலேயப் படை முழுதாகச் சரணடைந்ததும், 1778 பிப்ரவரி 6-ல் பிரான்ஸ் அமெரிக்காவோடு கூட்டுச் சேர்ந்தது. செய்தி சென்னைக்கு எட்டியவுடன் ஆங்கிலேயப் படை புதுச்சேரியை முற்றுகையிட்டது. இரண்டு மாதத்துக்கும் மேல் தாக்குப்பிடித்த நகரம் அக்டோபரில் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு மாஹே. அந்தத் துறைமுகம் வழியாகத்தான் ஹைதர் அலிக்கு ஆயுதம் வந்துகொண்டிருந்தது. அவர் சினந்து 1780-ல் அன்று கர்நாடகம் எனப்பட்ட தமிழகப் பகுதிக்குள் பெரும் படையோடு இறங்கினார். செப்டம்பர் 10-ம் தேதி காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் நிர்மூலமாக்கினார்கள். மைசூர் ராக்கெட்டுகள் அங்கே சீறின. இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை அப்படியொரு தோல்வியைக் கண்டதில்லை.

ஹைதரின் புகழ் அட்லாண்டிக்கைத் தாண்டியது. பென்சில்வேனியா அரசு தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு ‘ஹைதர் அலி’ என்று பெயர் வைத்தது. 1782 ஏப்ரல் 8-ல் கேப்டன் ஜோஷுவா பார்னி அந்தக் கப்பலை ஓட்டி, தன்னைவிட வலிமையான ‘ஜெனரல் மன்க்’ என்ற ஆங்கிலேயக் கப்பலை டெலவேர் விரிகுடாவில் பிடித்தார்.

அதே மாதம் கடலூர், பிரெஞ்சு-மைசூர் கூட்டுப்படையின் கைக்கு வந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று நம் கரையோரமெங்கும் மோதினார்கள். ஐந்தாவதும் கடைசியுமான மோதல் 1783 ஜூன் 20-ல் கடலூருக்கு எதிரே. ஹியூஸிடம் 18 கப்பல்கள், சஃப்ரனிடம் 15. தரையில் ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் கடலூரை முற்றுகையிட்டிருந்தார், கோட்டைக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. கடற்சண்டைக்குப் பின் ஹியூஸ் சென்னைக்குப் பின்வாங்கினார். ஜூன் முடியும் வேளையில் சமாதானச் செய்தியோடு ஒரு கப்பல் வந்தது. ஐரோப்பாவில் பிரான்ஸும் இங்கிலாந்தும் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டது ஜனவரி 20-ம் தேதி. ஐந்து மாதம் முன்பே முடிந்துபோன ஒரு போருக்காகக் கடலூர் மணலில் ஐரோப்பியர்களும் இரு பக்கத்து இந்தியச் சிப்பாய்களும் செத்திருக்கிறார்கள். அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று வரலாற்றாசிரியர்கள் பலர் குறிப்பிடுவது இதைத்தான். ஐரோப்பியத் தளபதிகளின் பெயர்கள் எல்லா நூல்களிலும் இருக்கின்றன. அந்தச் சிப்பாய்களுக்கு ஒரு ஜோசப் பிளம் மார்ட்டின் இல்லை.

1781 அக்டோபர் 19-ல் யார்க்டவுனில் தோற்றுச் சரணடைந்த காரன்வாலிஸ் பிரபு, ஐந்தே ஆண்டில் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். அங்கே இழந்ததை இங்கே ஈட்டினார். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவைப் பணியவைத்து, அவருடைய இரண்டு பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்துவந்தார். தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் சிலை இன்றும் சென்னை ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் பீடத்தில் செதுக்கியிருப்பது அந்தப் பிள்ளைகளை ஒப்படைக்கும் காட்சி.

நமக்கு எப்போது?

அமெரிக்கர்கள் தங்கள் போரை 250 ஆண்டு கழித்து, பெருமையும் வெட்கமும் சேர்த்து, பன்னிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டார்கள். காரன்வாலிஸ் விட்டுச்சென்ற கம்பெனி ஆட்சியை எதிர்த்துத் தென் தமிழகம் நடத்திய போருக்கு இப்படி ஒரு தொடர் இல்லை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும், 1801 ஜூனில் சின்ன மருது திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் ஒட்டிய ஜம்புத்தீவுப் பிரகடனமும், அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கில் தொங்கியதும், அவர்களது கூட்டத்தார் கடல் கடந்து பினாங்குக்கு அனுப்பப்பட்டதும், 1806 ஜூலை 10 வேலூர் எழுச்சியும் ஒரே நெடுங்கதையின் பகுதிகள். அவற்றை நாம் ஆளுக்கொரு சிலையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வீரரையும் ஒரு சாதியின் சொத்தாக்கியும் விட்டோம். அந்தப் போர்களில் கம்பெனிப் பக்கம் நின்ற பாளையக்காரர்களைப் பற்றிப் பேசவே தயங்குகிறோம்.

புகைப்படம் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது, பர்ன்ஸுக்கும் இல்லை. சான்றுகள் நம்மிடம் உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கம்பெனியின் சென்னை மாகாண ஆவணங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத்தந்தவர் சின்ன மருது என்றும், அவரையே பிறகு விலங்கிட்ட கைதியாகப் பார்த்தேன் என்றும் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் 1830-ல் எழுதி வெளியிட்டிருக்கிறார். நாட்டுப்புறக் கதைப்பாடல்கள் இருக்கின்றன. காளையார்கோவிலும் பாஞ்சாலங்குறிச்சியும் வேலூர்க் கோட்டையும் இருக்கின்றன.

தமிழக அரசும் பல்கலைக்கழகங்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் சேர்ந்து, வரலாற்றாசிரியர்கள் சிலரையும் நல்ல இயக்குநர் ஒருவரையும் அமர்த்தி, ஐந்தாண்டு அவகாசமும் தலையீடற்ற உரிமையும் கொடுக்கட்டும். முதல் வேலையாக அந்தக் காப்பகத்துக் கட்டுகளைப் பிரித்துப் படிக்க ஆட்களை அனுப்பட்டும். ஒவ்வொரு ஆண்டு தாமதத்துக்கும் அந்தக் காகிதம் இன்னும் கொஞ்சம் பொடிந்துகொண்டிருக்கிறது.